செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்

கரங்கான் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் என் கணவர் வேலை செய்தார். செம்பனைப் பழம் திருடியதாக அவர்மேல் வழக்கு. அவர் எடுக்கவில்லை. கோர்ட்டு வாசலில், தோட்டத்தில் அவரை வேலை வாங்கும் மண்டோர், “ஒத்துக்க லா தம்பி. பைன் கட்டிட்டு இன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்” என்றார். அதை நம்பி என் கணவர் ஒப்புக்கொண்டார். மூன்று மாதச் சிறை.

கதறிய என்னிடம் அங்கிருந்த வழக்கறிஞர் ஒருவர், “குத்தத்தை மறுத்து, வழக்கை வேற தேதிக்குத் தவணை கேட்டிருந்தா, இலவச லாயருக்கு மனு போட்டிருக்கலாமேம்மா” என்றார்.

கணவர் உள்ளே இருக்கும்போதே தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை வெளியே எடுத்து வைத்தவர் அதே மண்டோர்.

“யாரு எடுத்தான்னு உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணே?” என்று அவரைக் கேட்டேன்.

“யாராச்சும் ஒருத்தன் உள்ள போகணும் லா” என்றார்.

இப்போது எங்கள் பக்கத்தில் போலீஸ் யாரைப் பிடித்தாலும் நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். லாயரைப் பார்க்கும்வரை எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன்.