கப்புக்கு வந்த மாப்பிள்ளை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கோமதி அம்மன் சன்னிதியில் நின்று, எழுதலாமா தாயே என்று கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் கை வராது. செத்துப்போனவர்களைச் சந்திக்கு இழுப்பானேன் என்று விட்டுவிடுவேன். போன மாசம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்கு எதிரே இருந்த ஒருவர் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அது என் வீட்டுக் கதை என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதில் என் சித்தி செய்யாத காரியம் இரண்டு மூன்று இருந்தது. இலையில் பாயசம் விட்டது விட்டபடி இருக்க எழுந்து கைகழுவப் போனேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன சமயம். எனக்கு ஒன்பது வயசு இருக்கலாம். அப்போது சின்ன ஊர்க் கால்பந்து கிளப்புகளுக்கென்று ஒரு கப் நடத்துவார்கள். எங்கள் ஊர் சங்கரங்கோயில், சிவகிரி, கடையநல்லூர், குருவிகுளம் என்று சுற்றுவட்டாரத்துக் கிளப்புகள் மோதும். அதில் ஜெயிக்கிற ஒரே கிளப் திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய கிளப்புகளோடு ஆடலாம். தோற்றவர்கள் அடுத்த வருஷம் வரைக்கும் குளத்தாங்கரையில் உதைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எங்கள் கிளப் திருநெல்வேலியைப் பார்த்ததே இல்லை.

கிளப்புக்குக் கேப்டன் என் மாமா, அம்மாவுக்குத் தம்பி. அவருக்கும் அடுத்தவள் சித்தி. தாய் தகப்பன் இல்லாததால் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சித்திக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய பொறுப்பு மாமாவுடையது. மாமாவுக்கு அந்த ஞாபகம் கப் முடிந்த பிறகுதான் வரும், அதற்குள் அடுத்த கப் வந்துவிடும்.

அந்த வருஷம் கடையநல்லூரை எப்படியோ ஜெயித்து, சிவகிரியோடு கடைசி ஆட்டம் என்று ஆனது. சிவகிரி ஆட்கள் மலைக்காற்று குடித்து வளர்ந்தவர்கள், மோதினால் நம் ஆள்தான் விழுவான். மாமா ராத்திரி பகலாக யோசித்தார். பிறகு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், கறுப்பு, சிரித்தால் முகமெல்லாம் பல். அங்கே பெரிய கிளப்பில் ஆடுகிறவராம்.

வெளியூர் ஆளைச் சேர்க்கக்கூடாது என்பது அந்தக் கப்பின் சட்டம். ஊரில் பிறந்தவன் ஆடலாம், ஊரில் பிழைக்கிறவன் ஆடலாம், ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவனும் ஆடலாம். கடைசிச் சொல்லை மாமா பிடித்துக்கொண்டார். வந்தவர் சித்திக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை என்று தெருவில் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "யக்கா, நாலு நாளைக்கு வெளிப்பேச்சுக்குத்தான். ஆட்டம் முடிஞ்சதும் ஜாதகம் சரியில்லைன்னு சொல்லிருவோம்." அம்மா முதலில் திட்டினாள். பிறகு தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தையும் செஞ்சு தொலை" என்று உலை வைக்கப் போய்விட்டாள். அப்பா பலசரக்குக் கடைக்காரர், விடியும் முன்னே கடைக்குப் போகிறவர். கடைக்கு வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, கொழுந்தியாளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிட்டாமே, மூச்சு விடலியே" என்று கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாக என்னமோ கேட்டார், அம்மாவும் மெதுவாக என்னமோ சொன்னாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவர் அன்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

சித்தியிடம் யாரும் சொல்லவில்லை. மாமா சொல்லியிருப்பார் என்று அம்மா இருந்தாள். அக்கா சொல்லியிருப்பாள் என்று மாமா இருந்தார்.

என்னிடம் மாமா, "ஏலே, இனி இவரைச் சித்தப்பான்னுதான் கூப்பிடணும், தெரிஞ்சுதா?" என்றார். எனக்குக் கசக்குமா? சிநேகிதன்மாரிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். தினம் காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் மாமா திருநீற்று மரவையை நீட்டுவார். அவர் ஒரு விரலால் தொட்டுச் சந்தனம் மாதிரி பொட்டு வைத்துக்கொள்வார். "சித்தப்பா, அப்படி இல்ல, மூணு விரலால இழுக்கணும்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் குனிந்து நெற்றியைக் காட்டி, "இப்பச் சரியா தம்பி?" என்பார். பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

அவர் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து சாப்பிடுவார். சித்தி முன்னே வரமாட்டாள், கதவு மறைவில் நின்று பாத்திரத்தை அம்மா கையில் கொடுப்பாள். மூன்றாம் நாள் சித்தி சொதி வைத்தாள். எங்கள் பக்கத்தில் சொதி என்பது கல்யாணம் முடிந்து மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சாப்பாடு. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்புமாக வீடே மணத்தது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு எதுக்குட்டி சொதி?" என்றாள். சித்தி தலையை நிமிர்த்தாமல், "தேங்காய் கெடந்துது, வச்சேன்" என்றாள். அந்த நிமிஷமே அம்மாவுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நாளைக்கு ஆட்டம். ஒரு நாள்தானே என்று அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று பழக்க ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சுற்றி வந்து, புற்றுமண் வாங்கி வாழை இலைத் துண்டில் மடித்தாள். எந்த நோவுக்கும் எங்கள் ஊரில் அதுதான் முதல் மருந்து. வரும் வழியில் என் கையில் கொடுத்து, "மக்கா, இதைத் தண்ணி விட்டுக் குழைச்சு முட்டில போடச் சொல்லு. நான் குடுத்தேன்னு சொல்லிராத, என்ன?" என்றாள்.

நான் போய், "சித்தி குடுத்தாங்க, நான் குடுத்தேன்னு சொல்லக்கூடாதாம்" என்று சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இலையைப் பிரித்துப் பார்த்தார். "சாமி மண்ணா தம்பி?" என்று கேட்டார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு நொண்டிக்கொண்டே கிணற்றடிக்கு மாமாவைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

"எல்லாம் தெரியும்வே. நீரு நாளைக்கு ஆட்டத்தைப் பாரும்" என்றார் மாமா.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முழங்காலில் மண்ணைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் ஊருக்கு வெளியே, வற்றிப்போன குளத்துக்குள். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு மேலே கயிறு கட்டியிருந்தது. நடுவர் கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு டிரில் வாத்தியார். தொடங்கும் முன்னே சிவகிரிக் கேப்டன் தகராறு பண்ணினார்.

"அது யாருவே, புது ஆளு?"

"எங்க வீட்டு மாப்பிள்ளை" என்றார் மாமா.

"தாலி கட்டியாச்சா?"

"தை மாசம் கட்டப்போறாரு. வெத்தலை பாக்கு மாத்தினா மாப்பிள்ளைதான், எங்க ஊர்ல."

"அப்ப தை மாசம் வந்து ஆடச் சொல்லும்வே!"

கூட்டம் சிரித்தது. டிரில் வாத்தியாருக்கு எந்தப் பக்கம் சொல்வதென்று தெரியவில்லை. கோட்டு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "ஏ பையா, நீ அந்த வீட்டுப் பிள்ளைதானே? இவரு உனக்கு யாரு?" என்று கேட்டார்.

"சித்தப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊரே கைதட்டியது. பிள்ளை வாயில் பொய் வராது என்று வாத்தியார் விசிலை ஊதிவிட்டார்.

அவர் ஆடின ஆட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வீங்கின காலோடு, பூசின மண் உதிர உதிர ஓடினார். பாதி ஆட்டத்துக்கு மேல் ஒரு பந்தை நடுவிலிருந்து வாங்கி, மூன்று பேரைத் தாண்டிப் போய், இடது காலால் கயிற்றுக்குக் கீழே அடித்தார். பந்து குளத்துக் கரையில் போய் விழுந்தது. எங்கள் ஆட்கள் துண்டை வானத்தில் வீசினார்கள்.

அவர் அப்படியே நின்றார். கண்ணை மூடினார். வலது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இடது தோளைத் தொட்டது, வலது தோளைத் தொட்டது. வேர்வையைத் துடைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏய், சங்கரங்கோயில் மாப்பிள்ளை வேதக்காரர்லாவே!"

கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார் என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. நான் திருத்தி இழுத்துவிட்ட மூன்று கோடு நெற்றியில் இன்னும் இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். சந்தோஷத்தில் மனுஷனுக்கு அவனவன் சாமிதான் ஞாபகம் வரும். அரியும் சிவனும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர்க்காரன் நான், எனக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் அன்று கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வாத்தியார் அவரிடம் போய், "உம்ம சாமி சாட்சியாச் சொல்லும். நீரு இந்த வீட்டு மாப்பிள்ளையா?" என்றார்.

அவர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லைங்க" என்றார்.

கோல் செல்லாது என்று கப்பைச் சிவகிரிக்குக் கொடுத்துவிட்டார்கள். "கப்பும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு" என்று யாரோ பாட்டாகவே பாடினான். அவர் பனியனைக் கழற்றி மடித்து மாமா பக்கத்தில் வைத்தார். மாமா தலை நிமிரவில்லை. போகும்போது அவர் என்னிடம் குனிந்து, "தம்பி, சித்திட்ட..." என்று தொடங்கினார். பிறகு, "ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். சித்தி வாசல் தெளித்து, அந்தி நேரத்தில் பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் புதுப் பிச்சிப்பூ. "ஜெயிச்சாச்சாலே?" என்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "அவரு சித்தப்பா இல்லையாம் சித்தி. வேதக்காரராம். கப்புக்காக மாமா சும்மா சொன்னதாம்."

சித்தி, "அப்படியா" என்றாள். கையிலிருந்த மாவைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கோலம் பாதியில் கிடந்தது. முடிக்காத கோலத்தை மிதிக்கக்கூடாது என்று நான் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு அன்று அதுதான் கவலை.

அதன் பிறகு சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு நல்ல இடம் வரவில்லை. வேதக்காரனுக்குப் பேசின பெண், வீட்டில் வைத்துச் சோறு போட்ட பெண் என்று பேச்சு பஸ் ஏறிப் போய்விட்டது. தை மாசம் குருவிகுளத்தில், பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அவருக்கு என் வயசில் ஒரு மகன் இருந்தான். மாமாதான் பந்தல் போட்டார், இலை எடுத்தார், ஓய்வில்லாமல் ஓடினார். அதற்குப் பிறகு மாமா பந்தையே தொடவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷமும் ஆடினார், அப்போதும் தோற்றார். சாகிற வரைக்கும் சித்தி வீட்டு வாசல்படி மட்டும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

சித்தி வண்டி ஏறிப் போகும்போது, பெரியவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தி என்னைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மக்கா, அன்னைக்கு அவரு நல்லா ஆடினாராலே?"

என்னிடம் அதைக் கேட்டால் போதுமே! நான் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, பந்து எங்கிருந்து வந்தது, யார் யாரைத் தாண்டினார், எந்தக் காலால் அடித்தார் என்று தெருவிலேயே ஓடி ஆடிக் காட்டினேன். சித்தி கண் எடுக்காமல் பார்த்தாள். வண்டிக்காரன் மாட்டைத் தட்டின பிறகும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் அம்மாவிடம், "சித்திக்குப் பந்துன்னா இவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றேன். அம்மா என் தலையில் கை வைத்தாள்.

இனி இதைப் படிக்கிற புண்ணியவான்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கதையைச் சிரிப்புக்கு யாராவது சொன்னால், சொல்லட்டும். கப்பு போனதற்குச் சிரிக்கலாம், மாமாவுக்குச் சிரிக்கலாம், எனக்கும் சிரிக்கலாம். ஆனால் சித்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள், கடுதாசி போட்டாள் என்று சேர்க்காதீர்கள். அவள் ஒரு நாள் சொதி வைத்தாள், ஒரு பிடி மண் கொடுத்தாள், ஒரு கேள்வி கேட்டாள். அதை அப்படியே சொல்லுங்கள்.