மோதினார் நானாவின் முன்பற்கள்

பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது பல் செட் கழன்று மைக்கில் பட்டுவிட்டதாம். அந்த ‘டொக்’ சத்தம் ஊர் முழுக்கக் கேட்டதாம். நான் வேலை பார்த்த வவுனியாப் பல் கிளினிக்கிற்கு மோதினார் நானா முதன்முதல் வந்த அன்று சொன்ன கதை இது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவரை மோதினார் என்பார்கள்; நானா என்றால் அண்ணன். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்து, பிறகு சமாதான காலத்தில் பாதை திறந்ததும் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிப் போய்க் குடியிருந்தவர். சைக்கிளால் விழுந்து மேல் முன்பல் இரண்டும் போயிருந்தன; அந்த இடத்துக்குத்தான் அந்தச் செட்.

“இப்ப ஆர் பாங்கு சொல்றது?” என்று டொக்டர் கேட்டார்.

“என்ர மச்சான். நல்ல மனுசன்தான். ஆனா அவன்ர குரல் கிணத்தடியைத் தாண்டாது.” சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். “நான் ஊருக்குத் திரும்பிப் போனதே அந்தப் பள்ளியில நிண்டு கூப்பிடத்தான் டொக்டர். கழட்டுற பல்லு எனக்குச் சரிவராது.”

டொக்டர் இம்பிளான்ட் வைப்பதென்று முடிவெடுத்தார். தாடை எலும்புக்குள் ஸ்குரூ மாதிரி ஒன்றை இறக்கி, அது எலும்போடு ஒட்டும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு மேலே கிரவுண் என்கிற செயற்கைப் பல்லைப் பூட்ட வேண்டும். எங்கள் கிளினிக்கிற்கு அது புதிது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ட்ரே கழுவி ஸ்டெரிலைசரில் போடுவதும், ஆட்களைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்துவதும்தான் என் வேலை. கிரவுண் பூட்டிய அன்றும் பக்கத்தில் நின்றேன்.

டொக்டர் கண்ணாடியைக் கொடுத்து, “எப்பிடி நானா, திருப்தியோ?” என்றார்.

அவர் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. “வடிவு கிடக்கட்டும் டொக்டர். சத்தம் போட்டாத்தான் தெரியும்.”

“அப்ப ஒருக்காப் பாங்கு சொல்லிப் பாருங்கோவன்.”

“ஐயோ, நேரமில்லாத நேரத்தில சொல்லக்கூடாது. றோட்டால போறவை தொழ வந்திடுவினம்!”

கதவடியில் நின்ற நானாவின் மனைவி குறுக்கிட்டார். “இனியும் ஊருக்கு முன்னால வெக்கப்படேலாது. முந்திச் சைக்கிளில உடுபுடவை வித்தனீங்கள்தானே, அதைக் கூவிப் பாருங்கோ.”

“காதைப் பொத்துங்கோ தங்கச்சி,” என்று என்னிடம் சொல்லிவிட்டு நானா மூச்சை இழுத்தார்.

“சாரம்! பெட்சீற்! பிள்ளையளுக்கு ஃபுரொக்!”

ட்ரேயில் கிடந்த சாமான்கள் அதிர்ந்தன. வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஒருவர், “ஐயா, சாரத்தை இஞ்சால கொண்டு வாங்கோ, பாப்பம்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார், வாயைப் பொத்தாமல். ஆனாலும் இறங்கும்போது, “இது புடவை விக்கப் போதும் டொக்டர். பாங்குக்குக் காணுமோ எண்டு போய்த்தான் பாக்கோணும்,” என்றார்.

பிறகு செக்கப்புக்கு நானாவும் மனைவியும் திரும்பி வந்தார்கள். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியாமல், பாங்கு என்ன மாதிரி என்று மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

“பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சொன்னவர்,” என்றார் அவர். “நான் குசினியில நிண்டனான். தொடங்கினதும் முற்றத்துக்கு ஓடினன். பல்லு எங்கை விழப்போகுதோ எண்டு கடைசி வரைக்கும் மூச்சு விடேல்லை. ஒண்டும் ஆகேல்லை. இப்ப வீட்டில தேத்தண்ணி கேக்கிறதும் அந்தச் சத்தத்திலதான்!”

அதன் பிறகு டொக்டர் முதல் நாளே ஆட்களிடம், “இந்தப் பல்லால என்ன செய்யோணும்?” என்று கேட்கத் தொடங்கினார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். கதிரையில் வைத்துத் திருப்தியா என்று கேட்டால், டொக்டருக்கு மரியாதையாக எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். தங்கள் காரியத்தைச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லும் ஓம்தான் உண்மையானது.