ஆறாவது வரிசை, பன்னிரண்டாம் இருக்கை

பயந்துபோய் எதையோ பார்த்துவிட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அன்று நான் பயந்துபோய் அந்த அரங்குக்குள் போகவில்லை. கொதித்துப்போய்த்தான் போனேன். இதில் ஒரு வார்த்தைகூட என் சொந்தச் சரக்கு கிடையாது.

என் பெயர் நடீன். நெப்ராஸ்காவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு நன்கொடை திரட்டுவது என் வேலை. கடித உறை ஒட்டுகிற பெண்ணாகச் சேர்ந்து, இருபத்தேழு வருடத்தில் துணை இயக்குநர் வரை வந்திருக்கிறேன். பணம் கேட்பது இந்த வேலையில் கடைசியாகச் செய்வது. அதற்கு முன்னால் யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர், யாருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள், யார் வீட்டுச் சாவுக்கு ஹாம் சாண்ட்விச் எடுத்துப்போக வேண்டும், எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும்.

டெல்பர்ட்டையும் அவர் மனைவி லோர்னாவையும் அப்படித்தான் தெரியும். சோளம் போடும் விவசாயிகள். பெரிய தொகை கொடுத்ததில்லை. ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு வருடம்கூட விட்டதில்லை. கூடைப்பந்து அரங்கில் ஆறாவது வரிசையில் பதினொன்றும் பன்னிரண்டும் அவர்களுடையவை. டெல்பர்ட் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பார். நடுவர் தப்பாக விசில் ஊதினால் கத்தமாட்டார். எழுந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவரைப் பார்த்து அந்தப் பகுதியே எழுந்து முதுகைக் காட்டும். எழுந்ததும் ஸ்பிரிங் இருக்கைகள் டப் டப்பென்று மேலே மடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் நடுவர்கள் அடுத்த விசிலை யோசித்துத்தான் ஊதுவார்கள்.

நவம்பரில் டெல்பர்ட் போய்ச் சேர்ந்தார். லோர்னா இரண்டு இருக்கைக்கும் பணம் கட்டினார். பன்னிரண்டில் டெல்பர்ட்டின் தொப்பியை வைத்துவிட்டுப் பதினொன்றில் உட்கார்ந்தார். அந்த சீசனின் கடைசி ஆட்டத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இருக்கற வரைக்கும் இந்த ரெண்டு சீட்டையும் விட்டுடாதம்மா."

"நான் இருக்கேன்ல, லோர்னா," என்றேன்.

ஏப்ரலில் இயக்குநர் டிரென்ட் என்னைக் கூப்பிட்டான். வயது முப்பத்தாறு. வந்து இரண்டு வருடம்தான். ஒரு கார் வியாபாரி மொத்தமாகக் கொட்டிக்கொடுத்திருந்தார். அவருக்கு அந்த இரண்டு இடம்தான் வேண்டுமாம்.

"செத்தவருக்கு எதுக்கு நடீன் சீட்டு?"

"பக்கத்துல உசுரோட ஒருத்தங்க உக்காந்திருக்காங்க."

"அந்தம்மாவ மேல் வரிசைக்கு மாத்துங்க. அடுத்த வாரம் அந்த ரெண்டையும் கழட்டிட்டு அகலமா தோல் நாற்காலி போடப்போறோம்."

"அவங்களுக்கு எம்பத்தியோரு வயசு. நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லலைன்னா உங்க இடத்துக்கு வர்றவங்க சொல்லுவாங்க." சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வருடத்துக்கு ஒருநாள் நன்கொடையாளர்கள் வந்து, அடுத்த சீசனுக்கான தங்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள் நாங்கள் பெயர் அட்டைகளைக் கட்டிவைக்க வேண்டும். அதே வாரம் வெள்ளிக்கிழமை மாலை 4.15. அட்டைக் கட்டோடு தனியாக உள்ளே போனேன். ஜன்னல் இல்லாத கட்டடம். பாதி விளக்குதான் எரிந்தது. எல்லாவற்றிலும் கட்டுவேன், அந்த இரண்டில் மட்டும் கார் வியாபாரியின் பெயரைக் கட்டமாட்டேன் என்ற முடிவோடு இருந்தேன். வேலை போனால் போகட்டும்.

ஆயிரக்கணக்கான இருக்கைகள். எல்லாம் மேலே மடங்கி நின்றன.

ஒன்றைத் தவிர.

ஆறாவது வரிசை, பன்னிரண்டு. கீழே இறங்கியிருந்தது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்துக் கையால் தூக்கிவிட்டேன். கனத்தது. கையை எடுத்ததும் மெதுவாக இறங்கியது...

படக்.

வேர்க்கடலை ஓடு உடையும் சத்தம். திரும்பினேன். யாருமில்லை.

"இன்னும் கட்டலையா?" வாசலில் டிரென்ட். விறுவிறுவென்று வந்தான். கார் வியாபாரியின் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கினான். பதினொன்றில் கட்டினான். பன்னிரண்டில் காலை விரித்து உட்கார்ந்தான்.

"பாருங்க. உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழலை."

பிறகு அவன் முகம் சுருங்கியது.

"இது ஏன் சூடா இருக்கு? யாரு உக்காந்திருந்தா இங்க?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

படக்.

அவன் காதருகே. துள்ளி எழுந்தான். இருக்கை மடங்கவில்லை.

பத்தாம் இருக்கை இறங்கியது. ஒன்பது... எட்டு... பின்வரிசை... அதற்குப் பின்வரிசை...

அந்தப் பகுதி முழுக்க.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு...

டப்.

எல்லாம் ஒரே சமயத்தில் மடங்கின.

எழுந்துவிட்டார்கள்.

டிரென்ட் ஓடினான். நானும் நிற்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அவனிடமிருந்து போன். "அந்த ரெண்டும் அந்தம்மாவுக்கே இருக்கட்டும்." அவ்வளவுதான். வைத்துவிட்டான். பராமரிப்பு வேலை பார்க்கும் கென்னியைக் கூப்பிட்டேன்.

"கென்னி, ஆறாவது வரிசை பதினொண்ணு, பன்னெண்டைக் கழட்ட வேணாம்."

"இப்ப வந்து சொல்றீங்களே. வியாழக்கிழமையே கழட்டிட்டேன். அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போறேன், அதான் முன்னாடியே முடிச்சேன். ரெண்டும் கிடங்குல கிடக்கு."

அரங்குக்கு ஓடினேன். பத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் வெறும் சிமெண்ட் தரை. போல்ட் கழற்றிய ஓட்டைகள். கார் வியாபாரியின் அட்டை தரையில் கிடந்தது. அதன்மேல் ஒரு கை வேர்க்கடலை ஓடு.

மதியத்துக்குள் கென்னி இரண்டையும் திரும்பப் பூட்டிவிட்டான். லோர்னா வந்து தொப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

டிரென்டிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை, அவன் அறைக்கே போய், அந்த இரண்டையும் கென்னி வியாழக்கிழமையே கழற்றிவிட்டான் என்று வேண்டுமென்றே சொன்னேன். என் கோபம் அதுவரை அடங்கவில்லை.

அவன் வெளிறிப்போனான். அவன் கை தானாகப் பின்னால் போய்ப் பேன்ட்டைத் துடைத்தது.

"அப்ப நான்... எது மேல உக்காந்தேன்?"

"எது மேலன்னு கேக்காதீங்க, டிரென்ட்," என்றேன். "யார் மேலன்னு கேளுங்க."