கலைஞ்சதும் கலைச்சதும்

ஊருக்குச் சொல்லும்போது என் மாமியார், "அவளுக்குத் தானா கலைஞ்சிருச்சு" என்பார். வீட்டுக்குள் கோபம் வந்தால், "கலைச்சிட்டு வந்தவதானே" என்பார். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை வைத்தே ஆறு வருடம் என்னைக் கரித்துக்கொட்டினார்.

அப்போது எனக்கு ஐந்து மாதம். மலேசியாவில், பத்து பகாட் ஊரில் தையல் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் மெஷின் முன்னாலேயே கண் இருட்டியது. முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. மருத்துவமனையில் மலாய்க்கார டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: ரத்த அழுத்தம் இறங்கவில்லை, சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது, கருவை எடுக்காவிட்டால் நான் செத்துப்போவேன். நான் செத்தால் அதுவும் பிழைக்காது. வீட்டில் எனக்கு நான்கு வயது மகள் இருந்தாள்.

மாமியார் கட்டிலருகே குனிந்தார். "இன்னும் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா. ஆம்பளப் புள்ளைன்னு சொல்லிட்டாங்க லா."

என் கணவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி தரையைப் பார்த்து நின்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளை எனக்கு வேண்டாததாக இருந்தது என்று யாராவது சொன்னால் வாயிலேயே போடுவேன். அவன் உதைத்தது இன்னும் வயிற்றில் இருக்கிறது.

பிறகு வந்த ஒவ்வொரு வளைகாப்பிலும் மாமியார் என்னை அடுப்படியிலேயே நிறுத்திவைத்தார். "நீ சாதத்தைப் பாரும்மா." நான் வளையல் போட்டால் அந்த வயிற்றுக்கு ஆகாதாம். நானும் வாயை மூடிக்கொண்டு புளிச்சாதம் கிளறினேன். அந்த மடத்தனத்துக்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருடம் நாத்தனாருக்கு, மாமியாரின் ஒரே மகளுக்கு, ஐந்தாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்து காய்ச்சல் கொதித்தது. அதே மருத்துவமனை. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, கருவை எடுக்காவிட்டால் தாய் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கக்கூட விடவில்லை, மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோலோங் டாக்டர், தயவு செஞ்சு என் பொண்ணை மட்டும் காப்பாத்திக் குடுங்க. எடுத்துருங்க, இப்பவே எடுத்துருங்க!"

ரெண்டு மாசம் எங்கே போயிற்று? பல்லைக் கடிப்பது எங்கே போயிற்று? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் உள்ளே அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் பிழைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் பார்க்க வரத் தொடங்கியதும் மாமியார் என்னை ஓரமாக இழுத்தார்.

"யாரு கேட்டாலும் தானா கலைஞ்சிருச்சுன்னு சொல்லிரு, என்ன?"

"மாட்டேன் அத்தை. கலைச்சாங்க, அதனாலதான் பொழைச்சான்னு சொல்வேன்."

"ஐயோ, நாலு பேரு அவளை என்ன நெனைப்பாங்க?"

"என்னை நீங்க நெனைச்சதைத்தான்."