இத்தா வீட்டுக்குள் வெள்ளம் வந்த நாள்

உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், சகோதரிகளே. என் பெயர் மும்தாஜ். எனக்கு மேடையில் பேசியும் பழக்கமில்லை, எழுதியும் பழக்கமில்லை. ஆனால் அல்லாஹ் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னைப் போல நன்றி கெட்டவள் இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் மவ்த்தானபோது நாங்கள் ஆந்திர எல்லைக்குள் வரதய்யபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறப் போனவர், பஸ் நிற்கும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தத் தெருவில் முஸ்லிம் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

பலமனேரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் கூப்பிட்டார். "நம்ம ஊட்டுக்கு வந்துடும்மா. இங்க ஒண்டியா இன்னா பண்ணுவ?" அண்ணிக்கு அப்போது பிரசவ நேரம். போனால் அவளுக்கும் பாரம். "வேணாண்ணா. அவரு இருந்த ஊட்லயே இத்தாவ முடிச்சிடறேன்" என்றேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது; நாலு மாதம் பத்து நாள் என்று வாயால் சொல்லும்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "நான் வெளிய வரமாட்டேன். ஆம்பளைங்க கதவாண்ட வரக்கூடாது" என்று கறாராகச் சொன்னேன். ஆம்பளைகள் வரவில்லை. பெண்களும் வரவில்லை. பால்காரம்மா பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு ஓடிவிடுவாள். அண்ணன் எப்போதாவது வந்து காய்கறி மூட்டையை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போவார்.

தனிமை என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் தெலுங்கு சீரியலைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே முழுக் கதையும் எனக்கு அத்துப்படி. அந்த மாமியாரின் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. பேச்சே மறந்துபோகுமோ என்று பயந்து, "உப்பு போட்டியா மும்தாஜ்?" என்று நானே கேட்பேன். "போட்டேன்" என்று நானே சொல்வேன். பிறகு அழுவேன்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரே துஆதான். "யா அல்லாஹ், யாராவது ஒருத்தர அனுப்பு. இந்தக் கதவ ஒருத்தராவது தட்டட்டும்." நாட்கள் போயின. ஒருவரும் தட்டவில்லை. ஒரு நாள் கோபமே வந்துவிட்டது. தொழுகை விரிப்பான முஸல்லாவைச் சுருட்டி வைத்துவிட்டு, "உனக்குக் கேக்குதா இல்லையா?" என்று சத்தமாகவே கேட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போனில் ஒரு மார்க்கப் பேச்சு, பயான், அனுப்பினார். நுஸைபா (ரலி) அன்னையைப் பற்றியது. உஹதுப் போர்க்களத்துக்கு அவர் சண்டை போடப் போகவில்லை. காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தோல்பையைச் சுமந்து போனார். நிலைமை தலைகீழாகி எல்லோரும் சிதறி ஓடியபோது, நபிகள் நாயகத்தைச் சுற்றி நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். தண்ணீர் கொடுக்க வந்த அந்தப் பெண் வாளை எடுத்தார். தோளில் ஆழமான வெட்டு. அது ஆற ஒரு வருடம் ஆனதாம். வலப்பக்கம் திரும்பினாலும் இடப்பக்கம் திரும்பினாலும் அவர் எனக்காகப் போராடியதைப் பார்த்தேன் என்று நாயகமே சொன்னார்களாம்.

கேட்டதும் எனக்கு வீரம் வந்தது என்று சொன்னால் பொய். எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்த அன்னைக்குக் கணவர் பக்கத்தில் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தானே?

கார்த்திகை மாதம் புயல் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஒரு வியாழக்கிழமை காலையில் தெருவில் டிராக்டர் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம். ஏரி நிரம்பி வழிகிறது என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று புரிந்தது. என் கதவை யாரும் தட்டவில்லை. டிராக்டர் போய்விட்டது. தெரு அமைதியாகிவிட்டது.

மதியம் லுஹர் தொழுது முடித்தபோது வாசற்படிக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. போனில் சிக்னல் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக் கூடாது, தண்ணீர் வந்தால் வரட்டும் என்று கட்டில்மேல் உட்கார்ந்தேன். வெளியே அதற்கு மார்க்கம் என்று பெயர். உள்ளே, அவர் போன இடத்துக்கே நானும் போய்விடலாம் என்ற ஆசை. இதை இன்றுவரை அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"அக்கா! தலுப்பு தீயண்டி அக்கா! கதவத் திறங்க!"

பக்கத்து வீட்டு சுஜாதா. சீரியல் பார்ப்பவள் அவள்தான். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று ஒன்றரை வயது இரட்டைப் பையன்கள், பண்டுவும் சிண்டுவும். தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேலே.

"ஏண்டி, நீ டிராக்டர்ல போகலியா?"

"அவரு பைக்ல வந்து கூட்டிக்கினு போறேன்னாரு அக்கா. ரோடு தெகிப்போச்சாம், தண்ணி அறுத்துக்கினு போச்சாம், வர முடியல. ரெண்டு பேரயும் தூக்கிக்கினு என்னால நடக்க முடியல. ஒருத்தன நீங்க தூக்கிக்கோங்க அக்கா, தண்டம் பெடதானு!" கையெடுத்துக் கும்பிடவும் அவளுக்குக் கை இல்லை.

நான் யாராவது வர வேண்டும் என்று கேட்டேன். வந்தவளோ என்னிடம் உதவி கேட்டு நிற்கிறாள். ஒரு கணம் சிரிப்பே வந்தது. அடுத்த கணம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் வாளை எடுத்தாரே நுஸைபா அன்னை, அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கண்முன்னே ஒரு உயிர், காப்பாற்றத் தன் கை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"புள்ளய எங்கிட்ட குடு" என்றேன்.

துப்பட்டியை இழுத்துச் செருகினேன். சிண்டுவைத் தோளில் போட்டேன். எங்கள் தெருமுனையில் மூடியில்லாத பெரிய கால்வாய் உண்டு. தண்ணீருக்கு அடியில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டேன். அன்னையின் கையில் வாள் இருந்தது, என் கையில் கொடிக்கழி. ஆளுக்குத் தகுந்த ஆயுதம்தான் அல்லாஹ் கொடுப்பான்.

கழியால் தடவித் தடவி நான் முன்னே, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுஜாதா பின்னே. "ஹஸ்புனல்லாஹ்" என்று நான், "கோவிந்தா" என்று அவள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஓரிடத்தில் கழி அப்படியே உள்ளே போனது. கால்வாய். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் நாலு பேரும் போயிருப்போம். சிண்டு பயந்து என் தோளைக் கடித்தான். உயிர் போகிற வலி. ஆனால் சொன்னால் நம்புவீர்களா, சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு உயிர் என்னைத் தொடுகிறது!

மேட்டு ரோட்டில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கை நீட்டினார். என் வெள்ளைப் புடவையைப் பார்த்ததும், ஆம்பளைக் கை படக் கூடாதென்று கையை இழுத்துக்கொண்டு, தன் துண்டின் முனையை வீசினார். அதைப் பிடித்து ஏறினோம்.

பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஒரு சின்ன அறையைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அங்கே வைத்துக் கேட்டேன். "காலைல யாராவது ஒருத்தர் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

சுஜாதா அழுதுவிட்டாள். "நீங்க தேவுடு காரியத்துல இருக்கீங்க, தலுப்பு தட்டுனா பாபம்னு எங்க அத்தை சொல்லுச்சி அக்கா. நீங்க அழறது செவுத்துல கேக்கும். நானும் இந்தப் பக்கம் உக்காந்து அழுவேன். தட்டத்தான் பயம்."

அவர்கள் என்னை ஒதுக்கவில்லை. மரியாதை கொடுத்திருக்கிறார்கள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து அழுதிருக்கிறோம். ஆண்கள் வரக் கூடாது என்று கறாராகச் சொன்ன நான், "நீங்க வாங்க" என்று சொல்ல மறந்திருக்கிறேன்.

சிக்னல் வந்ததும் அண்ணன் மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் கேட்டுச் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே வரத்தான் வேண்டும், வராமல் இருப்பதுதான் தப்பு என்றாராம். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, அதே வீட்டில் இத்தாவை முடித்தேன். மிச்ச நாட்களில் ஒரு நாள்கூடக் கதவு சும்மா இருந்ததில்லை. சீரியல் மாமியாரின் முகத்தையும் பார்த்துவிட்டேன், சுஜாதாவின் போனில். நான் நினைத்ததைவிட நல்ல முகம்.

அவர் இல்லாத வீடு இன்றும் வெறுமைதான். அதை மறைக்க மாட்டேன். சிண்டு கடித்த தழும்பு என் தோளில் இன்னும் மங்கலாக இருக்கிறது. தடவிப் பார்த்துக்கொள்வேன். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, தனியாக இருக்கிறோம் என்று துவண்டுபோகாதீர்கள். கேளுங்கள், அவனுக்குக் கேட்கிறது. அவன் அனுப்பும் ஆள் உங்களுக்கு உதவ வராமல், உங்களிடமே உதவி கேட்டு வந்து நிற்கலாம். தயங்காமல் திறங்கள். உங்கள் தெருவில் ஒருத்தி இத்தாவில் இருக்கிறாளா? இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அவள் கதவைத் தட்டுங்கள். உள்ளே ஒருத்தி அதைத்தான் துஆ கேட்டுக்கொண்டிருப்பாள்.