இல்லாத நாற்பத்திரண்டாம் இலக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு எக்ஸ்ரே படம் கிடக்கிறது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் எடுத்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, ஒரு பெண்ணின் வலக்கை. அந்தக் கையின் எலும்புகளுக்குக் குறுக்கே பிளேட்டால் வெட்டிய இலக்கங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து பூச்சியம் வரை பத்தும். நான்கு சுண்டுவிரலில் விழுந்திருக்கிறது. எட்டு உள்ளங்கையில். வெட்டிய ஓரங்களில் நீலப் பெயின்ற் காய்ந்து பொருக்காகி நிற்கிறது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கையும் தெரியும், கையின் ஓட்டைகளுக்குள்ளால் எதிர்ச் சுவரும் தெரியும். வெட்டியது நான். கை, எங்கள் பிரதேச சபையில் ஒருகாலத்தில் உறுப்பினராக இருந்த ஒருவருடையது. நான் அவரை மெம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

யோசனை எனக்கு வந்த இடம் சபையின் வருமானப் பகுதிக் கவுண்டர். பட்டதாரிப் பயிலுநராக என்னை அங்கே போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேசை இருந்தது, கதிரை இருந்தது, வேலை மட்டும் இல்லை. இருக்க ஏலாமல் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டிக்கொண்டிருப்பேன். அன்று காலை ஒரு பெண் தண்ணீர் இணைப்புக்கான படிவத்தோடு வந்தார். பிரதான வீதியால் குழாய் தாட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால் படிவத்தில் அந்த வீட்டின் சோலைவரி இலக்கத்தை எழுதவேண்டும். வீட்டுக்குச் சபை அறவிடும் வரியை இங்கே சோலைவரி என்பார்கள். வீட்டில் சோலை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் படிவத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இலக்கம் இல்லாத வீட்டுக்கு இணைப்பு இல்லை அக்கா" என்றார் எழுதுவினைஞர்.

"அப்ப இலக்கம் தாங்கோ."

"உறுதிப்பத்திரம் இல்லாத காணிக்கு என்னெண்டு இலக்கம் தாறது?"

"வரி எவ்வளவெண்டாலும் கட்டிறம் தம்பி. எங்களையும் ஒருக்கா எழுதுங்கோவன்."

எழுதுவினைஞர் கெட்டவர் அல்ல. உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார். "ஊரெல்லாம் வரியைக் குறை எண்டு வந்து நிக்குது. நீங்கள் என்னடாவெண்டால் வரி தா எண்டு வந்து நிக்கிறியள்."

அந்த நேரம் என் மடியில் அந்த வீதியின் பதிவேடு விரிந்து கிடந்தது. 41, அடுத்தது 43. நாற்பத்திரண்டு இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ எழுதும்போது தாண்டிப்போயிருக்கிறார். அந்தப் பெண் இருக்கும் ஒடுக்கமான ஒழுங்கை 41க்கும் 43க்கும் நடுவில்தான் உள்ளே இறங்குகிறது. இடம் தயாராக இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், எழுதுவதுதான் பாக்கி. பக்கத்தில் தெருவிளக்கொன்றுக்காக வந்து நின்ற மெம்பர் அக்காவிடம் அதே இடத்தில் வைத்துச் சொன்னேன்: முதலில் வீடுகளில் இலக்கத்தை எழுதிவிடுவோம், பதிவேடு பிறகு வரட்டும். அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இலக்க அச்சு வெட்டுறதுக்கு எக்ஸ்ரே படம் நான் தாறன்" என்றார்.

அவருக்கு மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்று இருந்தது. இயந்திரத்தின் பெல்ற்றுக்குள் கை போய் இரண்டு விரல் முறிந்த காலத்துப் படம் அது. உறுப்பினராகிய பிறகும் காலை ஐந்து மணிக்கு மில்லைத் திறந்து, பத்து மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வருவார். சேலை மாற்றினாலும் தூள் மாறாது. அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரைக்காரர் தும்முவார். "மெம்பர் வாய் திறக்க முதலே எங்களுக்குக் கண் எரியுது" என்று ஒருவர் பகிடி விட, "எரியட்டும். அப்பவாவது கண்ணைத் திறந்து வைச்சிருப்பியள்" என்று இவர் திருப்பிக் கொடுத்தது சபையில் வெகுநாள் பேச்சாக இருந்தது. பெண்களுக்கான ஒதுக்கீட்டில், கட்சியின் பட்டியலால் வந்தவர். வட்டாரத்தில் நின்று வென்றவர்கள் அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்கள். வட்டாரம் இல்லாத மெம்பர் என்பார்கள். "ஓம், வட்டாரம் இல்லாத சனத்துக்கு வட்டாரம் இல்லாத மெம்பர்" என்பார். கடைசி வரிசையில் அவருடைய ஒலிவாங்கி மட்டும் எப்போதும் பழுது. திருத்தித் தரச் சொல்லி மூன்று தரம் எழுதிக் கொடுத்தார்.

வரியைப் பற்றி அவர் கதைப்பதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிரதான வீதியில் மாபிள் பதித்த பெரிய வீடொன்றில், சபை என்ன செய்து கிழிக்குது, வரி மட்டும் கேக்கத் தெரியுது என்று வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் வாசலில் நிற்க வைத்தே ஏசினார். மெம்பர் அக்கா முழுதையும் கேட்டு முடித்துவிட்டு, அவர் சொன்ன வடிகாலைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்குத்தான் கோபம். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏசட்டும் பிள்ளை. வரி கேக்க ஆள் வாறபடியால் அவருக்கு ஏசுறதுக்கு ஒரு ஆள் இருக்கு. வரி கேக்க ஒருத்தருமே வராத வீட்டுக்காரர் ஆரைப் பிடிச்சு ஏசுறது?" வரி என்பது சபை உன்னைக் கண்டுவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான் அவருடைய அரசியல். அதற்கு மேல் அவரிடம் கொள்கை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. சில விடயங்களில் அவர் பிழையாகவும் இருந்தார். தெருவில் திரியும் கட்டாக்காலி மாடு பிடிக்கும் விடயத்தில் தன் சொந்தக்காரருக்காகக் கண்ணை மூடிக்கொண்டதை நானே கண்டேன்.

ஒழுங்கையில் பதினொரு வீடுகள். இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போக இடமில்லாமல் அங்கேயே இருந்துவிட்ட குடும்பங்கள். காணிக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்க் கனகாலம். கடல் கிட்ட என்பதால் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாது. கவுண்டருக்கு வந்த பெண் இருந்தது கடைசி வீட்டில். சந்திக் குழாயிலிருந்து சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான்களைக் கட்டி, ஒரு நாளைக்கு நான்கு தரம் தண்ணீர் ஏற்றுவார். நாங்கள் நீலப் பெயின்றோடு போன சனிக்கிழமை, ஒழுங்கை முழுக்கக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சைக்கிளில் வந்த தண்ணீர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. 42/1, 42/2 என்று தகரத்திலும் சீமெந்திலும் எழுதிக்கொண்டு போனோம். மெம்பர் அக்கா தன் கை எலும்பைச் சுவரில் வைத்து அமத்திப் பிடிக்க, நான் தூரிகையால் ஒற்றினேன். எட்டாவது வீட்டுக்காரர் மறித்தார்.

"எட்டு எனக்குச் சரிவராது அக்கா. தொழிலுக்குப் போற ஆள் நான்."

"இவ்வளவு நாளும் இலக்கமே இல்லாமல் இருந்து என்னத்தைக் கண்டனீ?"

"இலக்கம் இல்லாமல் இருக்கலாம். எட்டோடை இருக்க ஏலாது."

ஏழுக்குப் பக்கத்தில் ஒரு 'அ' போட்டு அவரைச் சமாளித்தோம். அடுத்த வீட்டுக்கு எட்டைப் போட்டிருந்தால் கடைசி வீடு பத்தாகியிருக்கும். எட்டைத் தாண்டி ஒன்பதிலிருந்து எழுதியதால் அது 42/11. கடைசி வீட்டு அக்கா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கடுமையாய் அடிச்சு விடு பிள்ளை, றோட்டிலை நிண்டு பாத்தாலும் தெரியோணும்" என்றார். றோட்டிலிருந்து அந்த வீடே தெரியாது. ஆனாலும் இரண்டாந்தரம் ஒற்றினேன்.

திரும்பி வரும்போது மெம்பர் அக்கா சொன்னது இப்போதும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "மெல்லப் போவம். முதல்லை கடைசி வீட்டின்ரை விண்ணப்பத்தை மட்டும் குடுப்பம். ஒண்டு போனால் மற்றதெல்லாம் அதுக்குப் பின்னாலை போகும்." எனக்கு மெல்ல என்பது அப்போது தெரியாது. பல்கலைக்கழகத்தில் படித்த புவியியலைக் காட்டுவதற்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையை அளந்தேன். ஒவ்வொரு வீட்டையும் படம் எடுத்தேன். பதினொன்றையும் நிறம் தீட்டி ஒரே வரைபடமாக்கி, காணியின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் சுற்றி, 'உரிமையாளர்' என்ற இடத்தைக் கவனமாக வெறுமையாக விட்டு, கோப்பாகக் கட்டிச் சபைத் தலைவரான தவிசாளரின் மேசையில் வைத்தேன். மெம்பர் அக்காவுக்குச் சொல்லாமல். ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

அடுத்த அமர்வில் அந்த வரைபடம் கையிலிருந்து கைக்குப் போனது. அது வரைக்கும் அந்த ஒழுங்கையை யாரும் ஒரு காணியாகப் பார்த்ததில்லை. நான்தான் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தேன். காணிக்காரரின் சொந்தங்கள் பிரதான வீதியில் இருந்தார்கள், எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக் கதைத்தார்கள். இலக்கம் குடுத்தால் நாளைக்குக் காணிக்கு ஆட்சியுரிமை கேட்பினம் என்றார் ஒருவர். "உவையள் எங்கத்தை ஆக்கள்?" என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்வி ஊரை விசாரிப்பதல்ல என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மெம்பர் அக்கா எழுந்தார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். வேலை செய்யவில்லை. "அவையள் காணியைக் கேக்கேல்லை. தண்ணியைத்தான் கேக்கினம்" என்றார். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று முன்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. திரும்பவும் சொன்னார். வரைபடத்தை யார் தந்தது என்று தவிசாளர் கேட்டபோது சுவரோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் மெம்பர் அக்கா திரும்பவே இல்லை. "நான்தான் குடுத்தனான்" என்றார். கூட்ட அறிக்கையைத் தட்டச்சுச் செய்தது நான்தான். 'கௌரவ உறுப்பினரின் கருத்து கவனத்திற் கொள்ளப்பட்டது. சட்ட ஆலோசனை பெறப்படும் வரை விடயம் ஒத்திவைக்கப்படுகிறது. அனுமதியின்றி இடப்பட்ட இலக்கங்களை அகற்ற நடவடிக்கை எடுக்கப்படும்.' மூன்று வசனம். எழுத்துப் பிழை கூட இல்லை.

விறாந்தையில் போய் அவரை மறித்தேன். "நான் அவசரப்பட்டிட்டன் அக்கா."

"ஓம்" என்றார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று நின்றேன். "வெயில் ஏறுது, மில்லைத் திருப்பித் திறக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

சுண்ணாம்பு வாளியோடு சபைத் தொழிலாளி ஒருவர் ஒழுங்கைக்குப் போனார். அவருக்கும் விருப்பமில்லாத வேலை. மத்தியான வெயிலில் பதினொரு இலக்கத்தையும் பூசி மறைத்து முடித்தவருக்குக் கடைசி வீட்டு அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். அவர் அதைச் சபைக் கந்தோரில் வந்து சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல வாளியைக் கழுவப் போய்விட்டார். விண்ணப்பத் திகதி முடிந்தது. குழாய் ஒழுங்கையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனது. சட்ட ஆலோசனை வந்ததாக எந்தக் கோப்பிலும் நான் காணவில்லை. சபையின் காலமும் முடிந்தது. அடுத்த தேர்தலில் பட்டியலில் வேறொரு அக்காவின் பெயர் இருந்தது.

எனக்கு நியமனம் நிரந்தரமாகிவிட்டது. அதே வருமானப் பகுதியில், அதே கவுண்டரில், சிரித்த எழுதுவினைஞரின் கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். இலக்கம் இல்லாத வீட்டுக்கு இணைப்பு இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன், ஒரு தரமல்ல. சொல்லும்போது என் குரல் அவருடைய குரலைப் போலவே இருப்பதைக் கேட்கிறேன். சட்டத்தில் வேறு வசனம் இல்லை. வேறு வசனம் தேடிப் பார்த்தேன்.

இரண்டாம் கட்ட இணைப்புக்கு விண்ணப்பம் கேட்டு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். போன கிழமை ஒழுங்கைக்குப் போனேன். மாரி மழைக்குச் சுண்ணாம்பு கரைந்து, நீலம் மங்கலாக வெளியே வந்திருக்கிறது. ஏழுக்குப் பக்கத்து 'அ' கூட. கடைசி வீட்டில் மட்டும் புது நீலம். அச்சில்லாமல், கோணல்மாணலாக, கையால் எழுதிய 42/11. ஒவ்வொரு வருசமும் மழை விட்டதும் எழுதுவதாகச் சொன்னார். தண்ணீர்க் கான்கள் சைக்கிளில் கட்டியபடி இருந்தன.

அங்கிருந்து நேரே மில்லுக்குப் போய், மெம்பர் அக்காவிடம் அறிவித்தலைச் சொன்னேன். இயந்திரத்தை நிற்பாட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நான் வெளிக்கிடும்போது நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து எக்ஸ்ரேயை உருவி, மடியில் துடைத்து நீட்டினார்.

"இந்த முறை வரைபடம் கீறாதை."

அதற்குப் பிறகு இருவரும் தும்மினோம்.

திங்கட்கிழமை கடைசி வீட்டு அக்கா வருவார். இலக்கம் என்ற கட்டத்தில் 42/11 என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை வந்தபோது அந்தப் படிவத்தை ஒருவரும் கையில் வாங்கவே இல்லை, வாயாலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். இந்த முறை வாங்குவேன். திகதி முத்திரை குத்துவேன், வரவுப் பதிவேட்டில் ஒரு வரியில் ஏற்றுவேன். என்னால் கூடியது அவ்வளவுதான். ஏற்றிவிட்டால் சபை பதில் எழுதவேண்டும். மறுப்பதென்றாலும் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுத்தான் மறுக்கவேண்டும். கடிதத்துக்கு விலாசம் எழுதவேண்டும். விலாசத்தில் என்ன இலக்கம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இழுப்பறையைத் திறந்து அந்தக் கையை எடுத்துப் பார்க்கிறேன். நான்கு சுண்டுவிரலில், ஒன்று பெருவிரல் எலும்பில். பெயின்ற் பொருக்கைச் சுரண்டி வைத்தால் ஓரங்கள் துப்புரவாகும். நாளைக்குச் சனிக்கிழமை.