சாடின் போதும் அக்கா

ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்கிறேன். எந்த லோரி எங்கே போக வேண்டும், திரும்பும்போது எதை ஏற்றி வர வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கப் போன்தான். டிரைவர்கள் திட்டுவார்கள், கடைக்காரர்கள் திட்டுவார்கள். எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டுக் குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனால், கணவரிடம் பேசக்கூடத் தொண்டையில் தெம்பு இருக்காது. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். அவரும் அதே கம்பெனியில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்னால் நான் போனில் அதிகம் திட்டிய டிரைவர் அவர்தான்.

அந்த வருடக் கடைசியில் நாடு முழுக்க மழை. கிழக்குக் கரையில் வெள்ளம் பெரிதாக இருந்ததால் அரசாங்க லோரிகளும் படகுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போயிருந்தன. எங்கள் பேராக் மாநிலத்தில் தண்ணீர் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது. சித்தியவானுக்குப் போகும் வழியில், ஆற்றை ஒட்டிய ஒரு பழைய தோட்டமும் பக்கத்திலிருந்த கம்பம் என்கிற மலாய்க் கிராமமும் மூழ்கின. ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட இடம். தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்த பிறகும் சில குடும்பங்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தன. எல்லாரும் ஒரு பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். எங்கள் முதலாளி ஒரு லோரியை ஒதுக்கி, சாப்பாட்டுச் சாமான் அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

எனக்குக் குழப்பமே இல்லை. அரிசி, பிஸ்கட், மீ நூடுல்ஸ் பாக்கெட், அப்புறம் சாடின் மீன் டின். மண்டபத்தில் மலாய்க்காரர்களும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். சாடினை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கெடாது, உடையாது, அடுக்கின இடத்தில் அப்படியே நிற்கும். என்னைப் போல லோரியோடு பிழைப்பவளுக்கு அதைவிட அழகான சாப்பாடு கிடையாது. பெட்டி பெட்டியாக அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு பெண் போன் செய்தாள். டிரைவரிடம் என் நம்பரை வாங்கியிருந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, நீங்கதானே சாடின் அனுப்பறது?"

"ஆமா. ஏன்மா, சாமான் வந்து சேரலியா?"

"வந்துச்சு, வந்துச்சு. சாடின் போதும் அக்கா. கவர்மெண்டு குடுத்ததும் சாடின், கோயில்காரங்க குடுத்ததும் சாடின், நீங்களும் சாடின். புள்ளைங்க என்னையப் பாத்தாலே ஓடுதுங்கலா."

மண்டபத்தில் சமைப்பவள் அவள்தான். காலையில் எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடும் கம்பத்து மலாய் அம்மா ஒருவர் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் செய்வார், மத்தியானம் இவள் முறை. அவள் வீடும் தண்ணீருக்குள்தான் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சரி, என்னதான் வேணும்?"

"வெங்காயம், பச்ச மிளகா, புளி, கடுகு. கறிவேப்பில நெறய."

"வெள்ளத்துல கறிவேப்பிலயா?"

"அக்கா, எங்க மாமனாரு படுத்தே கெடக்குறாரு. பிஸ்கட்ட தேத்தண்ணில நனைச்சுக் குடுத்தா முழுங்கறாரு. சோத்தப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறாரு." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு நல்ல கொழம்பு வச்சா எந்திரிப்பாருன்னு நெனைக்கிறேன்."

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் கணவர் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "போன வாரம் ரசத்துல கறிவேப்பில போட மறந்துட்டேன். நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"சுடுதண்ணி நல்லா இருக்குன்னு சொன்ன."

அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் நம்மவர் வீடு ஒவ்வொன்றுக்கும் முன்னால், சாக்கடை ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கும். அவர் ஒரு கேட் விடாமல் போய் நின்றார். ஒவ்வொரு கேட்டிலும் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வீடு கதை வளர்ந்தது. கடைசி வீட்டுக்குப் போனபோது சமையல்காரப் பெண் என்னிடம் போனில் அழுதிருந்தாள், நானும் அழுதிருந்தேன். எதிர்வீட்டுச் சீனத்து ஆண்ட்டி கேட்டதுமே தன் தொட்டியிலிருந்த வாசனைப் பண்டான் இலையை வேரோடு பிடுங்காத குறையாக அறுத்துக் கொடுத்தார். மக்சிக்கின் நாசி லெமாக்குக்கு இது இல்லாமல் எப்படி என்று மலாயில் கோபித்துக்கொண்டார்.

வெங்காயம், மிளகாய் எல்லாம் முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி தன் கடைக்கு வந்த மூட்டைகளிலிருந்தே கொடுத்தார். நாங்கள் ஈர இலையைப் பிளாஸ்டிக் பையில் திணித்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்படிக் கட்டினா போய்ச் சேர்றதுக்குள்ள கருத்துப் போயிடும். பேப்பர்ல சுத்துங்க."

அவர் கடை மேசைகளிலேயே பரப்பி, ஈரத்தைத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றினோம். தேத்தண்ணி குடிக்க வந்தவர்களும் உட்கார்ந்து சுற்றினார்கள்.

மறுநாள் டிரைவரால் வர முடியவில்லை. செமோரில் அவர் வீட்டு வாசலுக்கும் தண்ணீர் வந்துவிட்டது. "நான் ஓட்டறேன்" என்றார் என் கணவர். அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் ஏறிக்கொண்டேன். எத்தனையோ வருடமாகப் போனிலேயே நான் அனுப்பிக்கொண்டிருந்த ரோட்டை அன்றுதான் லோரியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும், "இங்கதான் நீ என்னையத் திட்டின" என்று காட்டிக்கொண்டே வந்தார்.

பெரிய ரோட்டிலிருந்து திரும்பிச் செம்பனைக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ரோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சமையல்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"வந்துட்டோம்மா. ரோடுதான் இல்ல."

"அங்கயே நில்லுங்க அக்கா. டிராக்டர் அனுப்பறேன்."

செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் வந்தது. சாமான்களோடு நாங்களும் அதன் பின்பெட்டியில் ஏறினோம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கறிவேப்பிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு இருந்தது. என் கணவர் டிராக்டர்காரரிடம் இஞ்சினைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் குரலுக்கு வாட்டசாட்டமான ஒருத்தியை நினைத்திருந்தேன். மண்டபத்தில் இருந்தவள் என் தோள் உயரம்கூட இல்லை. டி‑சட்டை, தலையில் துண்டு. கட்டைப் பிரித்து மோந்து பார்த்தாள். "அக்கா" என்று மட்டும் சொல்லி, ஈரக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த நிமிடம், "அண்ணே, அந்த வெங்காயத்த உரிச்சுக் குடுங்க" என்று என் கணவருக்கு வேலை வைத்துவிட்டாள்.

பெரிய குவாலிச் சட்டியில் கடுகு வெடித்து, வெங்காயத்தோடு கறிவேப்பிலை விழுந்ததும் மண்டபம் முழுக்க வாசம் போனது. பண்டானை நறுக்கிக்கொண்டிருந்த மக்சிக் தும்மிவிட்டுச் சிரித்தார். பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். அவள் எண்ணெயைப் பார்க்காமல் சுவரோரத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே முகத்தைத் திருப்பிப் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

சோற்றில் புளிக்குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு பத்தல."

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். துண்டால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "கேட்டீங்களா அக்கா? வீட்ட விட்டு வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் கொற சொல்றாரு."

எனக்கும் தட்டு வைத்தாள். என் டின்களிலிருந்து எடுத்த சாடினை வெங்காயம் போட்டுச் சம்பலாகக் கிளறியிருந்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டைக் கழுவப் போனோம். அலமாரிக் கதவுகள் ஊறி உப்பியிருந்தன. பெரியவர் வாசலில் உட்கார்ந்து, எந்தச் சேறு முதலில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்களை ஏவினாள். நான் சொன்னால் நூறு கேள்வி கேட்கிற என் கணவர், அவள் சொன்னதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் ஓடினார். மத்தியானம் திடீரென்று தூறல் விழுந்தது. எல்லாரும் கையிலிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தோம். தூறல் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"சரி, வேலையப் பாருங்கலா" என்றாள் அவள். நாங்கள் துடைப்பத்தை எடுத்தோம்.